வடிவு என்ற படிக்கல்

முத்திரை நயினார் வருகிறார் என்றால் ஒரு காலத்தில் சங்கரன்கோவில் கடைத்தெருவில் கல்லாவில் இருப்பவன் எழுந்து நிற்பான். முழுப்பெயர் ஆறுமுகநயினார். கடைகளில் தராசையும் படிக்கல்லையும் சோதித்து அரசாங்க முத்திரை குத்துகிற ஆய்வாளர் வேலை. முப்பத்திரண்டு வருஷம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கிலோ கல்லைக் கையில் தூக்கின உடனே ஐந்து கிராம் தேய்மானத்தைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகைதான். பத்து கிராம் என்றால் சொல்லிவிடுவார்.

இப்போது அவர் நிறுப்பது நட்சத்திரங்களை. வீட்டுப் புறவாசலில், துவைக்கிற கல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. கூரையைத் தள்ளினால் தண்டவாளத்தில் நகர்ந்து திறக்கும். உள்ளே எட்டு அங்குலக் கண்ணாடி போட்ட தொலைநோக்கி, அதன் வாயில் ஒரு கேமரா. அதை ஆசைப்பட்டுக் கேட்டவள் இளைய மகள் கோமு. பாளையங்கோட்டையில் இயற்பியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டிருந்தபோது பார்சல் வந்தது. தாயில்லாத வீடு. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் மூத்தவள் வடிவு. நயினார் அந்தப் பெட்டியைப் பிரிக்க ஒரு மாதம் ஆனது. பிரித்த பிறகு பதினோரு வருஷமாக அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஆரம்பத்தில் ஒருநாள் வடிவு காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல வேற கிரகமெல்லாம் தெரியுமாப்பா?"

"கிரகம் கண்ணுல தெரியாதுட்டி. ஆனா அது அதோட நட்சத்திரத்துக்குக் குறுக்க போவும்லா, அப்போ வெளிச்சம் ஒரு துளி கொறையும். கொறைஞ்ச எடைய வச்சுத் திருடனப் பிடிக்க மாதிரிதான்."

"மேகம் போனாலும் கொறையுமே?"

"அதுக்குத்தான் பக்கத்துல ஒரு படிக்கல்லு வேணும். மாறாத நட்சத்திரம். மேகம் வந்தா ரெண்டும் சேந்து கொறையும். இத அதால வகுத்துட்டா மேகம் அடிபட்டுப் போயிரும். மிஞ்சுறதுதான் நெசமான எடை."

அவர் நிறுக்கிற நட்சத்திரத்துக்குக் கோமு என்று பெயர் வைத்திருந்தார். அதைக் கேட்டதும் வடிவு டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். பிறகு, "படிக்கல்லுக்கு என்ன பேரு?" என்றாள்.

"அதுக்கு உன் பேருதான். இந்த வீட்டுல ஆடாம அசையாம இருக்கது நீதானட்டி."

அன்றைக்கு வடிவுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டேதான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வேலையில் உள்ளவர்கள் பொதுவாக ஏழெட்டு நட்சத்திரங்களைப் படிக்கல்லாக வைத்துக்கொள்வார்கள். நயினார் ஒன்றே ஒன்றைத்தான் வைத்தார். யார் எடுத்துச் சொன்னாலும் கேட்கவில்லை. அவர் சர்வீஸில் பிடித்த திருட்டுப்பயல் அத்தனை பேரும் இரண்டு செட் கல் வைத்திருந்தவர்கள். வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. "ரெண்டு படிக்கல்லு வச்சிருக்கவன் ரெண்டு விதமா நிறுப்பான்" என்பது அவர் வேதம். நட்சத்திர அட்டவணையில் வடிவுக்கு எதிரே 'மாறாதது' என்று போட்டிருந்தது. அரசாங்க முத்திரை மாதிரி அதை எடுத்துக்கொண்டார். தெருவில் விசைத்தறிக் கூடங்களின் விளக்கு வெளிச்சம் கண்ணை உறுத்தியதால், யாரோ கழித்துப் போட்ட ஒரு பச்சைக் கண்ணாடியை வாங்கி கேமராவுக்கு முன்னால் மாட்டினார். அது ஒரே ஒரு பச்சையை மட்டும் உள்ளே விட்டு, மற்ற நிறத்தையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும்.

தினமும் நோட்டில் எழுதுவார். தேதி, நேரம், கோ, வ, பிறகு கோ வகுத்தல் வ. கடைசியில் 'தடை' என்று ஒரு பத்தி. பார்வை ஏன் அறுந்தது என்று அதில் குறித்துவைப்பது நல்ல பழக்கம். மேகம். கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாண சீரியல் பல்பு. வடிவு கூப்பிட்டாள், மூன்று நிமிடம்.

முதல் வருஷமே கோமு குறைந்தாள். ஆயிரத்தில் நாலு பங்கு, நாற்பது நிமிஷம். பதினோரு நாள் ஐந்து மணி கழித்து மறுபடி. நேரம் தப்பவே இல்லை. அன்றைக்கு நயினார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மகள் பெயருள்ள நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றுகிறது. வேறென்ன வேண்டும் அவருக்கு? புதுக் கிரகங்களின் பட்டியலில் ஏற்றச் சொல்லி எழுதிப்போட்டார். 'சந்தேகத்துக்குரியது' என்ற தலைப்பின்கீழ் ஏற்றினார்கள். பத்து வருஷமாக அங்கேயே கிடந்தது.

இந்த மாசி கடைசியில் பெங்களூரிலிருந்து ஃபோன் வந்தது. நஸ்ரின் என்று ஒரு ஆராய்ச்சியாளர். கடையநல்லூர்க்காரப் பெண், அதனால் ஊர்ப்பேச்சிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"சார், செயற்கைக்கோள்ல நாலு தடவ பாத்தாச்சு. உங்க நட்சத்திரத்துல ஒண்ணுமே இல்ல. பட்டியல்ல இருந்து எடுத்துரணும்னு சொல்லுதாங்க."

"பத்து வருஷமா தொண்ணூத்து நாலு தடவ பாத்திருக்கேம்மா! நான் என்ன கனவா கண்டேன்?"

"மூலப் படங்கள அனுப்புங்க சார். நான் இன்னொரு தடவ சண்ட போட்டுப் பாக்கேன்."

நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் வடிவு வேலை முடிந்து வந்தாள். ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள், முப்பத்துநாலு வயது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, அவர் செயற்கைக்கோளைத் திட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாங்க காலைல மெஷினப் போட்டதும் நோயாளி ரத்தத்தையா மொதல்ல வைப்போம்? கண்ட்ரோல்னு ஒண்ணு ஓட்டுவோம். விடை தெரிஞ்ச ரத்தம். அது சரியா வந்தாத்தான் மத்தது. நேத்து அந்தக் கண்ட்ரோலே கெட்டுக் கெடந்துச்சு. பாக்காம விட்டிருந்தா ஊர்ல எல்லாருக்கும் சக்கர கொறைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்திருப்போம்."

"அதுக்கு?"

"நீங்க சர்வீஸ்ல இருக்கும்போது உங்க கல்லுப் பெட்டியையே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மதுரைக்குத் தூக்கிட்டுப் போவீங்கல்லா, அது சரியா இருக்கான்னு பாக்க? இந்த வடிவ எந்த ஊருக்குக் கொண்டு போனீங்க?"

அவள் மோர் ஊற்றிச் சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

இரண்டு நாள் நயினார் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பயம். படிக்கல் தப்பு என்றால் கோமு இல்லை. இல்லாத மகளுக்கு இருந்த ஒரே ஒரு இடமும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். பழைய படங்களிலிருந்து மூன்றாவதாக ஒரு நட்சத்திரத்தை எடுத்தார். அதால் கோமுவை வகுத்தார். கோடு நேராகப் போனது. ஒரு இடத்தில்கூடப் பள்ளம் இல்லை. பிறகு அதால் வடிவை வகுத்தார்.

தொண்ணூற்று நாலு தடவையும் வடிவு ஒளிர்ந்திருந்தாள்.

கோமு ஒருநாளும் குறையவில்லை. வகுக்கிற எண் கூடினால் விடை குறையும் என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பதினோரு வருஷம் நின்றாயிற்று. நயினார் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தரையில் படுத்துக்கொண்டார். கோமு இரண்டாம் முறையாகச் செத்துப்போனாள். இந்தத் தடவை பந்தல் போட ஒருவரும் வரவில்லை.

ஆனாலும் நேர்மையான மனிதர். படங்களையும் தன் தப்பையும் சேர்த்தே நஸ்ரினுக்கு அனுப்பினார். நாலாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"சார், பக்கத்துல யாராவது இருக்காங்களா? உக்காந்துக்கோங்க. இது நட்சத்திரம் பண்ணுற வேல இல்ல. ஒரே ஒரு பச்ச. கத்தி வச்சு வெட்டின மாதிரி நாப்பது நிமிஷம். யாரோ விளக்கப் போட்டு அணைக்காங்க."

"அப்போ செயற்கைக்கோளுக்கு ஏன் தெரியல?"

"அது எல்லா நிறத்தையும் ஒண்ணாப் போட்டுப் பாக்கும். அந்தக் கூட்டத்துல இது முங்கிப் போவும். நீங்க மட்டுந்தான் இந்தப் பச்சையத் தனியாப் பாத்திருக்கீங்க. பாத்து…" அவள் நிறுத்தினாள்.

"பாத்து, அதை வச்சு வகுத்துட்டேன்" என்றார் நயினார்.

"பதினோரு நாளுக்கு ஒருக்கச் சுத்தி வாற கிரகம் இருக்கு சார். நீங்க தேடுன இடத்துல இல்ல. படிக்கல்லுல இருக்கு. அங்க இருந்து நம்மளக் கூப்பிடுறாங்க."

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அது சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். மொத வருஷம் ஆயிரத்துல நாலு பங்கு. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் கொறையுது. போன மாசம் அரைப்பங்குகூட இல்ல. விளக்குல எண்ணெ தீருத மாதிரி. அடுத்தது வாற வியாழக்கெழம, சாயங்காலம் ஏழு பத்துக்கு. அதுக்கப்புறம் அந்த நட்சத்திரம் சூரியன் பக்கம் போயிரும், மூணு மாசம் யாருக்கும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு இது இருக்குமோ என்னவோ. அந்த நேரத்துல இருட்டு நம்ம பக்கந்தான். உங்க பச்சக் கண்ணாடி இந்த நாலு நாள்ல வேற எவனுக்கும் கெடைக்காது. நீங்க ஒருத்தர்தான் சார். அந்த நாப்பது நிமிஷம் அங்க இங்க நகந்துராதீங்க."

"எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"வெளிச்சம் வந்து சேர அறுபத்து மூணு வருஷம் ஆவுற தூரம்."

"அப்போ நான் பாக்க ஆரம்பிக்கும்போதே அவுக விளக்க அணைச்சிருக்கலாம். அறுபது வருஷத்துக்கு முந்தியே."

"இருக்கலாம் சார். பாத்திருந்தாலும் நம்மளால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"முடியாதுதான். ஆனா பாத்திருப்பேன்லா" என்றார் அவர்.

எந்தெந்த நாள் எதனால் பார்வை தடைப்பட்டது என்ற குறிப்பையும் அனுப்பச் சொல்லியிருந்தாள் நஸ்ரின். நயினார் பதினோரு நோட்டையும் இறக்கித் தூசி தட்டினார். தடைப் பத்தியை எழுதினாரே தவிர, அதுவரை ஒருநாளும் திருப்பிப் படித்ததில்லை. மேகத்தைத் தனியாக எண்ணினார். கரண்ட் கட்டைத் தனியாக எண்ணினார். பிறகு 'வடிவு கூப்பிட்டாள்' என்பதை எண்ண ஆரம்பித்தார்.

முதல் வருஷம் ஐம்பத்தெட்டு. ஐந்தாம் வருஷம் இருபத்துமூன்று. போன வருஷம் மூன்று. இந்த வருஷம் தை, மாசி இரண்டு மாதத்தில் ஒன்றுகூட இல்லை. பழக்க தோஷத்தில் அதையும் கோடு போட்டுப் பார்த்தார். பக்கத்தில் நஸ்ரின் அனுப்பிய நட்சத்திரக் கோடு கிடந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று எழுதியிருந்தது. எதற்குக் கூப்பிட்டாள் என்று எங்குமே எழுதவில்லை.

வடிவு கொடியிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நயினார் நோட்டோடு போய் நின்றார்.

"ஏட்டி, ஆவணி பதினெட்டாந்தேதி என்னத்துக்குக் கூப்பிட்ட?"

"எந்த ஆவணி?"

"ஆறு வருஷத்துக்கு முந்தி."

அவள் சிரித்துவிட்டாள். "நல்லாருக்கே! சிலிண்டர் மாத்தக் கூப்பிட்டிருப்பேன்." சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. "ஆவணியா? அந்தத் தென்காசிக்காரங்க பொண்ணு பாக்க வாறோம்னு சொல்லியனுப்புனது அப்பத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"பாக்கலாம்னீங்க."

இன்னொரு சட்டையை எடுத்து மடித்தாள். பிறகு அவள், "அப்பா…" என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து நயினாரின் ஃபோன் அடித்தது. நஸ்ரின்.

"ஒண்ணுமில்லப்பா. பேசுங்க" என்று துணியைத் தூக்கிக்கொண்டு வடிவு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆறரைக்கே நயினார் கொட்டகைக் கூரையைத் தள்ளிவிட்டார். இருட்டியபோது மேற்கே பனைமரங்களுக்கு மேலே நட்சத்திரம் தாழ்ந்து நின்றது. தொலைநோக்கியின் மோட்டார் பழசு. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கையால் தட்டிச் சரிசெய்யாவிட்டால் நட்சத்திரம் படத்தைவிட்டு நழுவிவிடும். நோட்டில் புதுப்பக்கம். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக வ-வை முன்னால் எழுதினார். ஏழு மணிக்கு நஸ்ரின் செய்தி அனுப்பினாள்: நாங்கள் இருபது பேர் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் சார்.

ஏழு ஆறு. ஒருமுறை தட்டிச் சரிசெய்தார். தறிச்சத்தம் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. இத்தனை வருஷம் எதிரே நின்று கூப்பிட்ட ஒன்றை இன்றைக்காவது பார்த்துவிட வேண்டும் என்று முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார்.

ஏழு எட்டுக்கு வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"அப்பா."

சத்தமாக இல்லை. அவசரமாகவும் இல்லை. கூப்பிட்டுப் பார்ப்போம், வந்தால் வரட்டும் என்கிற குரல்.

கை தன்னால் பேனாவைத் தேடியது. வடிவு கூப்பிட்டாள் என்று எழுதிவிட்டு, முடிந்ததும் போகலாம். நாற்பது நிமிஷம்தானே. இதற்கு முன்னும் எத்தனையோ தடவை அப்படித்தான் நினைத்திருப்பார். நயினார் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்தார். வேட்டி முக்காலியில் மாட்டிக்கொண்டது, இழுத்துக்கொண்டு நடந்தார்.

முன்னறையில் கட்டில்மேல் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது. வடிவு அதில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"என்னப்பா? அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"நீ கூப்பிட்டியே."

"நான் கூப்பிடலையேப்பா."

"அப்பான்னு கூப்பிட்ட. காதால கேட்டேன்."

"இல்லப்பா. நான் வாயே தொறக்கல." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயோ, ஏழு ஒம்பது. ஓடுங்க. அந்தப் பொண்ணு காலைல எங்கிட்டயே பேசுனா. உலகத்துலயே நீங்க ஒருத்தர்தானாமே."

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். டிவி அணைந்திருந்தது. தெருவிலும் யாரும் இல்லை. சுவரில் கோமுவின் படத்துக்கு மாலை காய்ந்து கிடந்தது. இப்போது திரும்பி ஓடினாலும் பிடித்துவிடலாம். புறவாசலுக்குப் பதினைந்து எட்டுதான். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இது என்ன பெட்டி?"

"அப்பா, அங்க…"

"அது கெடக்கு. நீ சொல்லுட்டி."

வடிவு கையிலிருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. சித்திரை ஐந்தாம் தேதி கிளம்புகிறாள். இதற்கு முன் நாலு தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு தடவை 'ம்' என்றாராம், ஒரு தடவை 'பாக்கலாம்' என்றாராம், கடைசித் தடவை அவள் வாய் திறக்கும்போதே மேகம் விலகிவிட்டதாம்.

"இப்ப கேட்டு மட்டும் என்னப்பா ஆவப்போவுது? டிக்கெட்டும் வந்துருச்சு. நீங்க தடுத்தாலும் நான் போவத்தான் போறேன்."

"ஒண்ணும் ஆவாது. தடுக்கவும் மாட்டேன்." அவர் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார். "ஆனா கேட்டிருப்பேன்லா. மொதல்ல இருந்து சொல்லு. அந்தத் தென்காசிக்காரங்கள்ல இருந்து சொல்லு."

அவள் மடியிலிருந்த சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் புறவாசலில் ஃபோன் மூன்று தடவை அடித்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் அழுதாள், ஒரு தடவை அவரைத் திட்டினாள், பிறகு எழுந்து போய் இரண்டு பேருக்கும் தோசை ஊற்றினாள்.

சாப்பிட்ட பிறகு கொட்டகையை மூட வந்தார் நயினார். திரை கறுப்பாக இருந்தது. நட்சத்திரம் எப்போதோ நழுவிப் பனைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அது ஏழு பத்துக்கு ஒளிர்ந்ததா, இல்லையா, இனி இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அறுபத்து மூன்று வருஷம் நடந்து வந்த வெளிச்சம், ஆள் இல்லாத கொட்டகைக்கு வந்துவிட்டுப் போயிருக்கலாம்.

நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். வ-வுக்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை. தடைப் பத்திக்கு வந்ததும், பழகின கை 'வடிவு' என்று ஆரம்பித்துவிட்டது. அதை அடித்தார். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே வடிவு தட்டு கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

'கூப்பிட்டது யார் என்று தெரியவில்லை' என்று எழுதினார். பிறகு அதன் பக்கத்தில், 'போனேன்' என்று எழுதினார்.